நிறைகோலும் முடத்தெங்கும்

நல்லாசிரியர்க்கு உவமையாக நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினை நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் வைத்தார். ஆசிரியர் ஆகத் தகாதார்க்கும் நான்கு உவமைகள் உண்டு. கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பன அவை. ஆண்டுதோறும் வகுப்பறையில் இவற்றை நடத்துகின்றோம். மாணவரும் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகின்றனர். ஆயின் இவ்வுவமைகள் ஏட்டைவிட்டு இறங்கி நம் வீட்டு வாயிற்படியில் வந்து நின்ற ஒரு மாலைப்பொழுதை இம்மலர் வழியே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நம் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பயிலும் தம் மகளின் ஏடுகளோடு வந்தார். "நீங்க தமிழ் வாத்தியாருல்ல சார், ஒரு மனு எழுதிக் கொடுங்க" என்றார். அவர் கூறிய குறைகள் இரண்டு.

முதலாவது கணக்கு ஏடு. ஜூன் முதல் நவம்பர் வரை அவ்வேட்டில் ஒரு பக்கத்திலேனும் ஆசிரியரின் சிவப்பு மை படவில்லை. சரியாகப் போட்ட கணக்கும் தவறாகப் போட்ட கணக்கும் ஒன்றுபோலவே கிடந்தன. அதே ஆசிரியர் மாலையில் தம் வீட்டில் கட்டணம் பெற்றுச் செவ்வனே கற்பிக்கின்றாராம். இரண்டாவது காலைக் கூட்டம். தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பின் ஒரு தெய்வத் துதிப்பாடலும் நாள்தோறும் பாடுவிக்கப்படுகின்றது. கைகூப்பாது அமைதியாய் நின்ற சிறுமியை நோக்கி, "பாய் வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று ஆசிரியர் ஒருவர் வினவ, வரிசை முழுதும் சிரித்ததாம்.

உடனிருந்த ஜமாஅத் பெரியவர், "இரண்டாவதை மட்டும் எழுதுங்கள், அதற்குத்தான் வலு உண்டு" என்றார். தையற்காரர் மறுத்தார். "பாட்டு முடியுற வரைக்கும் அவ சும்மா நின்னுட்டுப் போயிடுவா பாய். கணக்கு வரலைன்னா யாரு வந்து சொல்லிக் கொடுப்பா? மொதல்ல அதை எழுதுங்க சார்."

அச்சொற்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. சமயம் பற்றிய குறை என்றால் பத்துப் பேர் உடன் வருகின்றனர். கல்வி பற்றிய குறை என்றால் தந்தை தனித்து நிற்கின்றார். இது நம் சமுதாயம் வெட்கப்பட வேண்டிய நிலையன்றோ?

சட்டம் இவ்விரு குறைகளையும் அறிந்தே வைத்திருக்கின்றது. முழுவதும் அரசு நிதியால் நடைபெறும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு விதிக்கின்றது. அரசின் ஏற்போ உதவியோ பெறும் நிலையத்திலும், பயில்வோர் இசைவின்றி, சிறார் எனில் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி, எவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளச் செய்தல் ஆகாது. 1985இல் கேரளத்தில், நாட்டுப்பண் இசைக்கப்பட்டபோது மரியாதையுடன் எழுந்து நின்றும் தம் சமய நம்பிக்கையால் பாடாதிருந்த மூன்று குழந்தைகள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. நாட்டுப்பண்ணுக்கே அமைதியாய் நிற்றல் போதுமெனின், துதிப்பாடலுக்கு நின்ற சிறுமி செய்த பிழை யாது?

2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடுக்கின்றது. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனை மதிப்பிடுதலும், பெற்றோரை அழைத்து முன்னேற்றத்தை எடுத்துரைத்தலும் ஆசிரியர் கடமை என்கின்றது. தனிப்பயிற்சி நடத்துதலை ஆசிரியர்க்கு விலக்குகின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும் என்றும் கூறுகின்றது.

சட்டம் அண்மையில் சொன்னதைப் பவணந்தியார் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே உவமையில் அடக்கினார். ஒருவர் தோட்டத்தில் வேர்விட்டு, அவர் வார்த்த நீரைப் பருகி, வளைந்து சென்று பிறர் தோட்டத்தில் காய் உதிர்ப்பது முடத்தெங்கு. ஊதியம் பெறும் பள்ளியில் வாளாவிருந்து மாலையில் வீட்டில் காய்ப்பவரை வேறெவ்வாறு அழைப்பது? எப்பக்கமும் சாயாது நிற்பது நிறைகோல். ஒரு குழந்தையின் வழிபாட்டை எல்லாக் குழந்தைகளின் கடமையாக்கும்போது அக்கோல் சாய்ந்துவிடுகின்றது.

நம் கருத்தில் இவ்விரு குறைகளும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை. ஏட்டைத் திறந்து பாராதவர்க்குக் குழந்தையின் கையெழுத்துத் தெரியாது. எங்கே தடுமாறுகின்றாள் என்பது தெரியாது. முடிவில் அவருக்குத் தெரிந்திருப்பது "பாய் வீட்டுப் பொண்ணு" என்பது மட்டுமே. குழந்தையை அறியாத இடத்தை அவள் குலமும் சமயமும் நிரப்பிவிடுகின்றன.

இதனால் ஆசிரியர் குலத்தையே பழித்தல் நம் நோக்கமன்று, நாமும் அக்குலத்தவரே. ஈராசிரியர் பள்ளிகளின் சுமையும், தேர்தல் பணி முதலாய பிற வேலைகளும் நாம் அறியாதவை அல்ல. ஆயினும் நாளொன்றுக்கு ஐந்து ஏடுகள் திருத்தினால் ஆறு நாளில் முப்பது குழந்தைகளை அறிந்துகொள்ளலாமே!

சமயம் சார்ந்த எதுவும் பள்ளியில் நுழையலாகாது என்பாரும் உளர். அதுவும் நமக்கு உடன்பாடன்று. கம்பனையும் தேவாரத்தையும் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் நீக்கிவிட்டால் தமிழில் எஞ்சுவது எவ்வளவு? சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாய் விளங்கிய மு. மு. இஸ்மாயில் கம்பனில் தோய்ந்த அறிஞர். அதனால் அவர்தம் ஈமான் குன்றிவிடவில்லை. கற்பது வேறு, வணங்கச் செய்வது வேறு. சமயப் பெரியார் ஒருவரின் வாழ்வையும் போதனையையும் ஆய்ந்து கற்பது சமய போதனை ஆகாது என 1971இல் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

இவ்வளவும் கூறிய பின் நம் இல்லத்தையும் நோக்குதல் வேண்டும். நம் கல்லூரியில் பிற சமய மாணவர் பலர் பயில்கின்றனர். விழாத் தொடக்கத்தில் கிராஅத் ஓதப்படும்போது அவர்கள் அமைதி காக்கின்றனர். அந்த அமைதியை நாம் உரிமையாகக் கொள்ளாது, அவர்கள் நமக்கு அளிக்கும் நன்மதிப்பாகக் கொள்ளுதல் வேண்டும். மார்க்கத்தில் எவரையும் வற்புறுத்தலாகாது என்பது திருக்குர்ஆன் கற்பிக்கும் நெறி. அரசுப் பள்ளியில் நம் பிள்ளைக்கு நாம் வேண்டும் நீதியை நம் வளாகத்தில் பிறர் பிள்ளைக்கு வழங்கத் தவறினால், நம் மனு வெறும் தாளே.

தந்தை விரும்பிய வரிசையிலேயே மனுவை எழுதினோம். கணக்கு முதலில், காலைக் கூட்டம் அடுத்து. தலைமையாசிரியருக்கும் மேலாண்மைக் குழுவுக்கும் அது சேர்ந்தது. மறுவாரமே துதிப்பாடல் நின்றது. அதற்கு ஓர் ஆணை போதுமானதாயிற்று. கணக்கு ஏட்டில் மூன்று பக்கங்களுக்குச் சரிக்குறிகள் விழுந்தன. அவற்றுள் இரண்டு, தவறான விடைகளுக்கு இடப்பட்டவை.

அக்கறையை ஆணையிட்டு வரவழைக்க இயலாது. இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்களுள் பலர் நாளை ஆசிரியப் பயிற்சி பெற்று வகுப்பறை புகுவீர்கள். அன்று உங்கள் முன் ஓர் ஏடு திறந்து கிடக்கும். அதன் மேலட்டையில் உள்ள பெயரைப் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள்; உள்ளே உள்ள கணக்கைப் பாருங்கள்.