உஷாவுக்குப் பின் யார்?

வாலாஜாபாத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் நடக்கும்போதெல்லாம், பெரியவர் யாரேனும் நம்மை அணுகி, "ஏன் ஸார், இன்னொரு பி. டி. உஷா எப்போது தோன்றுவாள்?" என்று கேட்பதுண்டு.

கேள்வி பழையது. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை உஷா 55.42 விநாடியில் ஓடினார். விநாடியின் நூற்றில் ஒரு பங்கினால் வெண்கலத்தை இழந்தார். 1985-ல் ஜகார்த்தாவில் ஐந்து தங்கம். 1986-ல் ஸியோலில் நான்கு. அவர் வேகம் தணியத் தொடங்கியதுமே வாரிசைத் தேடினோம். வந்த பெண்களை அவரோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கினோம்.

அந்த 55.42-ஐ மற்றோர் இந்தியப் பெண் எட்ட 39 வருஷம் ஆயிற்று. 2023-ல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் எட்டியவர் கோயமுத்தூர் வித்யா ராம்ராஜ். மறுநாள் வெண்கலமும் வென்றார். அவருடைய இரட்டைச் சகோதரி நித்யாவும் அங்கே தடை தாண்டி ஓடினார். இரு பெண்களையும் ஓடவிட்ட வீடு அது!

வாரிசு வானத்திலிருந்து குதிப்பதில்லை. நம் ஊரிலும் காற்றாய்ப் பறக்கும் சிறுமிகள் உண்டு. வயது பன்னிரண்டு ஆனதும், "ஓடினது போதும்" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். கேள்வி கேட்கும் பெரியவர்களை நாமும் ஒன்று கேட்கிறோம்: உங்கள் வீட்டுப் பெண் இன்று மாலை மைதானத்துக்கு வருவாளா?