மலையா? கனிமமா?
அரிட்டாபட்டி விவகாரத்தில் நடந்தது என்ன?

ஒரே மலை. அதை மூன்று பேர் பார்க்கிறார்கள்.

ஒருவர் சுரங்க அதிகாரி. மலைக்கு அடியில் என்ன உலோகம் இருக்கிறது என்று அவர் பார்க்கிறார். இன்னொருவர் வனத்துறைக்காரர். அவர் கண்ணில் பறவையும் தேவாங்கும் படுகின்றன. மூன்றாவது ஆள், அந்த ஊர் விவசாயி. அவருக்குச் சாமி தெரிகிறது. கண்மாய்க்கு வந்து சேரும் தண்ணீர் தெரிகிறது.

இந்த மூன்று பார்வைகளில் எது ஜெயிக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் மலை இருக்கும், அல்லது போகும். மதுரை மாவட்டத்தில் இது நம் கண் முன்னாலேயே நடந்தது.

ஏழு மலை, 72 நீர்நிலை

மதுரை மாவட்டம் மேலூர் அருகே உள்ள ஊர் அரிட்டாபட்டி. அதைச் சுற்றி 7 குன்றுகள். 200 இயற்கை ஊற்றுகளும், 72 ஏரி குளங்களும், 3 தடுப்பணைகளும் இந்தப் பகுதியில் இருப்பதாக அரசின் கணக்கு சொல்கிறது. மொட்டைப் பாறையில் விழும் மழை வீணாகப் போவதில்லை. பாறை இடுக்கில் இறங்கி ஊற்றாகிறது. மிச்சம் கண்மாய்க்கு ஓடுகிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாயும். அடுத்த கண்மாய் நிறையும். பிறகு வயல் நனையும்.

குன்றில் சமணத் துறவிகள் தங்கிய குகை இருக்கிறது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்து அங்கே பாறையில் வெட்டப்பட்டு இருக்கிறது. பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து கட்டிய சிவன் கோவிலும் உண்டு. அதே பாறைகளில் வல்லூறும் ராஜாளியும் கூடு கட்டுகின்றன. சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே காணப்பட்டு இருக்கின்றன. எறும்புத்தின்னியும் மலைப்பாம்பும்கூட இருக்கின்றன.

2022-ம் ஆண்டு நவம்பர் மாதம், தமிழக அரசு இந்த இடத்தைப் "பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்" என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். பரப்பு 193 ஹெக்டேர். அதாவது சுமார் 477 ஏக்கர்.

வந்தது ஏலம்

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஊர் மக்களுக்கு ஓர் அதிர்ச்சிச் செய்தி வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஒரு பெரும் பரப்பை மத்திய அரசு ஏலம் விட்டிருந்தது. ஏலம் எடுத்தது இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம். பரப்பு சுமார் 5 ஆயிரம் ஏக்கர். அரிட்டாபட்டியும் அதற்குள் அடங்கியது!

டங்ஸ்டன் என்பது என்ன? பழைய குண்டு பல்பின் உள்ளே சுருள் கம்பி ஒன்று இருக்குமே, அந்த உலோகம்தான். உலோகங்களிலேயே உருகுவதற்கு அதிகச் சூடு கேட்பது இது. 3,400 டிகிரிக்கு மேல். துளை போடும் கருவிகளுக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் வேண்டியிருக்கிறது. ஆகவே அரசு இதை முக்கியக் கனிமப் பட்டியலில் சேர்த்தது. இப்படிப்பட்ட கனிமங்களை மத்திய அரசே ஏலம் விட 2023-ம் ஆண்டு சட்டம் திருத்தப்பட்டது. நாட்டுக்கு இந்த உலோகம் தேவை என்பது பொய் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மக்கள் கொதித்து எழுந்தார்கள். டிசம்பர் 9-ந் தேதி தமிழக சட்டசபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாதமே மத்திய அரசு சற்று இறங்கி வந்தது. பாரம்பரியத் தலம் உள்ள பகுதியை மட்டும் நீக்கிவிட முடியுமா என்று பார்க்கச் சொன்னது.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

வேலிக்குள் அடங்குமா மலை?

அதிகாரியின் வரைபடத்தில் 477 ஏக்கர் தனி, மீதி தனி. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் தோண்டலாம், இந்தப் பக்கம் காக்கலாம் என்பது அவர் கணக்கு.

ஊர்க்காரர் கணக்கு வேறு. மலை, ஊற்று, கண்மாய், வயல், கோவில் எல்லாம் அவருக்கு ஒரே உடம்பு. தலையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? "முழு ஏலமும் ரத்தாக வேண்டும்" என்றார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி ஆயிரக்கணக்கான விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலம் போனார்கள். ஜனவரி 23-ந் தேதி ஏலம் ரத்து என்று மத்திய அரசு அறிவித்தது.

பெரிய ஆராய்ச்சி எதையும் படித்து அவர்கள் இதைச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக மலையை அப்படிப் பார்த்துப் பழகியவர்கள். தொல்காப்பியத்திலேயே இந்தப் பார்வை இருக்கிறது. மலை என்றால் வெறும் கல் அல்ல. அதற்கு ஒரு தெய்வம், ஒரு பூ, ஒரு பறவை, ஒரு தொழில் உண்டு.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். இதே மேலூர் வட்டாரத்தில் எத்தனையோ குன்றுகள் கிரானைட் கல்லாக லாரி ஏறிப் போய்விட்டன. அந்த முறைகேடுகள் 2012-ம் ஆண்டு வெளியே வந்து நாடே பேசியது. குன்று போனால் என்ன மிஞ்சும் என்று இந்த மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பக்கத்திலேயே பள்ளம் இருக்கிறது.

வெடி இல்லாத தீபாவளி

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குஞ்சு பொரிக்கும் பறவை பயந்து போய்விடும் என்பதுதான் காரணம். 1977-ல் அரசு சரணாலயம் என்று பலகை வைத்தது. ஊர்க் கட்டுப்பாட்டை எந்தப் போலீசும் போடவில்லை.

ஆனால் எல்லாம் பக்தியால் நடந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. சாமிக்குப் பயந்து ஒரு கிளையைக்கூட ஒடிக்காத கோவில் காடுகள் நம் ஊர்களில் இருந்தன. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் என்ன செய்கிறோம்? மரத்தை வெட்டிவிட்டு சாமிக்கு சிமெண்டு மண்டபம் கட்டுகிறோம்! காடு போய்க் கட்டிடம் வந்தால் சாமிக்குத் திருப்தியா என்று யாரும் கேட்பதில்லை.

சாமி இல்லாத நிலம்

இதைவிடப் பரிதாபம், சாமியும் கல்வெட்டும் இல்லாத நிலத்தின் கதி. சென்னைப் பள்ளிக்கரணையைப் பாருங்கள். அது கழுவெளி. மழை நீரைத் தாங்கி, மெல்லக் கடலுக்கு அனுப்பும் இடம். நெல் விளையாது, வரி வராது. ஆகவே "புறம்போக்கு" என்று எழுதினார்கள். தனி ஆளுக்குச் சொந்தம் இல்லாத, வரி இல்லாத பொது நிலம் என்பதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம். இன்றைக்கு அதை வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். நிலத்தையும் அப்படியே நடத்தினோம். ஒரு பக்கம் மாநகரின் குப்பை. மறு பக்கம் கட்டிடம். 2015-ம் ஆண்டு வெள்ளத்தில் அந்தப் பகுதி தத்தளித்தது.

2022-ம் ஆண்டு பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும் தகராறு ஓயவில்லை. அதைச் சுற்றிப் புதுக் கட்டிடங்களுக்கு அனுமதி தரலாமா என்ற வழக்கு 2025-ம் ஆண்டு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அரிட்டாபட்டி மலைக்காகத் திரண்டதுபோல ஒரு கூட்டம் கழுவெளிக்காகத் திரளுமா? சந்தேகம்தான்.

அதே 2025-ம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரகோவில் காடு, இரண்டாவது பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எவ்வளவு பெரிய காடு தெரியுமா? சுமார் 12 ஏக்கர்தான். சிறிய தோப்புக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு குழு இருக்க வேண்டும். ஊரில் உள்ள மரம், செடி, பறவை, மீன், நீர்நிலை, அவற்றைப் பற்றிப் பெரியவர்களுக்குத் தெரிந்த விவரம் ஆகியவற்றை அந்தக் குழு ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். உங்கள் ஊர்க் கண்மாயும் கோவில் காடும் அதில் ஏறியிருக்கின்றனவா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். விட்டுப்போயிருந்தால், அவற்றைச் சேர்க்கும்படி கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம்.