ரத்தம் குடித்தது எது?

விடுமுறைக்கு வந்த பேத்தி 'ட்விலைட்' படத்தைப் போட்டுக் காட்டினாள். கூடப் படிக்கும் பையன் ரத்தம் குடிக்கும் பிசாசு என்று தெரிந்தும் பதினேழு வயதுப் பெண் அவன்மேல் ஆசைப்பட்டு அந்த உலகத்துக்குள் போகிறாள். "பயமா இல்லையா தாத்தா?" என்றாள். எனக்கு 2012-ஆம் வருஷம்தான் ஞாபகம் வந்தது.

தருமபுரிக்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ரத்தக் காட்டேரி அலைகிறது என்று ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியது. மாடு செத்தால் காட்டேரி, நாய் ஊளையிட்டால் காட்டேரி. பத்திரிகையிலும் வந்தது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலை செருகினார்கள். பொழுது சாய்ந்தால் ஆள் நடமாட்டம் கிடையாது.

அப்போது என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு பெண் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டுக்குப் போனேன். முகம் வெளுத்து, திண்ணையில் சுருண்டு படுத்திருந்தாள். "ராத்திரியில வந்து ரத்தத்த உறிஞ்சுதுங்க சார், புள்ள நாளுக்கு நாள் வெளுத்துக்கிட்டே போவுது" என்றார் அம்மா. பூசாரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். கனவில் காட்டேரி பேசுகிறதாம்.

நான் மூடநம்பிக்கை பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவள் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். வாத்தியார் புத்தி, வேறென்ன!

காரியத்தைச் சாதித்தது கிராமத்து நர்ஸ் அம்மாதான். அவர் காட்டேரி இல்லை என்று வாதாடவே இல்லை. "ரத்தம் எவ்வளவு போயிருக்குன்னு பாத்துடலாம்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். பன்னிரண்டு கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏழு.

கொக்கிப்புழு என்று ஒன்று உண்டு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தின் தோலைத் துளைத்து ஏறி, குடலில் பல்லைப் பதித்துத் தினமும் ரத்தம் குடிக்கும். திறந்தவெளியில் ஒதுங்கும் ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். அதோடு மாதவிலக்கு. சாப்பாடோ ரேஷன் அரிசிச் சோறும் ரசமும். களி தின்ற காலம் போய்விட்டது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சோற்றிலிருக்கும் கொஞ்ச இரும்புச்சத்தும் சரியாக உடம்பில் சேராது.

ஆக, ரத்தம் போகிறது என்று அந்தத் தாய் சொன்னது உண்மை. குடித்தது எது என்பதில்தான் தவறினார். நானோ அந்த உண்மையையும் சேர்த்துச் சிரித்தேன். பகுத்தறிவு பேசுகிற நம்மில் பலர் செய்யும் தப்பு இது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்று ஜன்னல் வழியே எறிகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அவ்வளவு புரட்டாது என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும். தாத்தா பாட்டிகளே சொல்லலாமே, நமக்கு என்ன வேலை இருக்கிறது?

அந்தப் பெண் பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டு, சில மாதங்களில் பழையபடி பள்ளிக்கு வந்தாள். பூசாரியையும் ஒருநாள் கூப்பிட்டுத்தான் இருந்தார்கள். பிறகு சந்தையில் பார்த்தபோது, "காட்டேரி போயிடுச்சுங்க சார்" என்றார் அம்மா. "சரிம்மா, மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றேன்.