பன்னிரண்டு படம் போதும்

ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிறவன் நான். பதினெட்டு வருஷமாக இதுதான் தொழில். போன மே மாதம் அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி கேமராவைத் துடைத்தெடுத்து, இல்ஃபோர்ட் எச்.பி.5 கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டேன். 120 பிலிம். சதுரம் சதுரமாகப் பன்னிரண்டே படம்.

அப்பா மதுரையில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அவர் காலத்தில் ஊட்டியிலேயே ‘இந்து’ பிலிம் தயாரானது. 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை இன்று மூடிக் கிடக்கிறது. என் ரோல் இங்கிலாந்திலிருந்து வந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவைத்தான் முதலில் எடுத்தேன். இந்தக் கேமராவை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். அதில் இடம் வலமாகத் தெரியும். கை பழக அரை மணி நேரம் ஆனது. வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கான பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. திண்ணை நிழலுக்குத் துவாரம் 5.6, வேகம் 125 என்று மனக்கணக்குப் போட்டேன்.

“என்னய்யா, சாமி கும்பிடுற மாதிரி குனிஞ்சே நிக்கிற?” என்றாள். நிமிர்ந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த நொடியில் அழுத்தினேன். என் முகம் அவளுக்குத் தெரிந்ததால் வந்த சிரிப்பு அது. கண்ணை மறைக்கும் டிஜிட்டல் கேமராவுக்கு அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

பிலிமைக் கழுவும் வேலைதான் பெரிது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். மதுரைக் குழாய்த் தண்ணீரோ மே மாதத்தில் கொதிக்கிறது. ஐஸ் போட்ட வாளியில் பாட்டிலை நிறுத்தி, தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஐ.டி.11 டெவலப்பரில் 13 நிமிடம், பிறகு படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ. ஈர நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நரைமுடி கறுப்பாக, கறுத்த முகம் வெளுப்பாக, தண்டட்டியின் மினுக்கம் ஊசிமுனைப் புள்ளியாக அப்பத்தா தெரிந்தாள். 35 எம்.எம். படத்தைவிட மூன்றரை மடங்குக்கு மேல் பெரிய பரப்பு; ஒவ்வொரு சுருக்கமும் அதில் இருந்தது.

போனில் ஒரு தட்டுத் தட்டினால் கறுப்பு வெள்ளை வந்துவிடுமே என்கிறார்கள். நிறம் போகும், அவ்வளவுதான். முதலில் எடு, பிறகு பார் என்பது எங்கள் தொழிலைப் பிடித்த நோய். பன்னிரண்டு படம்தான் என்றால் பார்ப்பது முதலில் வந்துவிடுகிறது. இதைப் பதினெட்டு வருஷம் கழித்து நான் கற்றுக்கொண்டிருக்கக் கூடாது. நான் படித்த கல்லூரியில் இருட்டறை இருந்தது. நாங்கள் சேர்வதற்கு முன்பே அதைக் கணினி அறையாக்கிவிட்டார்கள்.

விஸ்காம் நடத்தும் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: பூட்டிய இருட்டறையைத் திறங்கள். பிலிம் விலை அதிகம்தான். வகுப்புக்கு ஒரு பழைய கேமரா, மாணவருக்கு ஒரே ஒரு ரோல், முதல் வருஷத்திலேயே கொடுங்கள்.