குண்டூசிப் பெருமை

பள்ளி ஆண்டு விழாக்களில் சிறப்பு விருந்தினர்கள் தவறாமல் எடுத்துவிடும் வசனம் ஒன்று உண்டு. "எங்கள் காலத்தில் வாத்தியார் உள்ளே நுழைந்தால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பே சந்தைக்கடை!" ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ்களுக்கு நடுவே நின்றுதான் இதைச் சொல்வார்கள். பள்ளிகளைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதியில் பகலில் 50 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். அந்த பாக்ஸ்களுக்கு யாரும் இதைப் படித்துக் காட்டியதில்லை.

வசனத்தை உரித்தால் உள்ளே மூன்று வாதங்கள்: செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள், கத்துவது திமிர், ஒரு அதட்டல் போட்டால் அடங்கும்.

செல்லம் கிடைக்காத வீட்டுப் பிள்ளையும் நாலு வயதில் கத்தத்தான் செய்கிறது. முதல் வாதத்துக்கு இது போதும்.

திமிர்? தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தானே கேட்டு, இடத்துக்குத் தக்கபடி அதைக் குறைப்பது, பென்சில் பிடிப்பதைப் போல மெல்ல மெல்லக் கைவரும் திறன். பென்சிலைத் தப்பாகப் பிடிக்கும் பிள்ளையை யாரும் திமிர் பிடித்தவன் என்பதில்லை. இன்னொன்றும் உண்டு. ஓயாத சளியால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக் காது மந்தமாவது சின்ன வயதில் மிகச் சாதாரணம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைக்குப் பல வீடுகளில் முதலில் கிடைப்பது அடி. காது பரிசோதனை அப்புறம்தான், அதுவும் கிடைத்தால்.

மூன்றாவது வாதத்தைத்தான் சும்மா விடக் கூடாது. அதட்டினால் அடங்கும் என்பது உண்மை, அதட்டியவர் வாசலைத் தாண்டும் வரை. அதற்குப் பிறகும் அடங்கியிருக்கத்தானே லீடரைக் கரும்பலகையில் 'பேசுபவர்கள்' என்று தலைப்பிட்டுப் பெயர் எழுத வைத்தார்கள்? குண்டூசிக் காலத்தில் எல்லாரும் வாய்மூடி இருந்திருந்தால் அந்தப் பட்டியலுக்கு வேலையே இருந்திருக்காதே. வாயில் விரல் வைத்து உட்கார்ந்த பிள்ளை யாருக்குப் பயப்பட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. எவ்வளவு குரலில் பேச வேண்டும் என்பதைக் கற்பதில்லை. கடைசி மணி அடித்ததும் கேட்கும் கூச்சலே அதற்குச் சாட்சி.

எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் 1911இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் காதில் இரைச்சலைச் செலுத்தினால், அவரை அறியாமலே குரல் உயரும். இரைச்சல் நின்றால் குரலும் இறங்கும். செவிடு என்று நடிப்பவர்களைப் பிடிக்கவே அந்தச் சோதனை பயன்பட்டது. ஏனென்றால் இதை நினைத்தாலும் எளிதில் அடக்க முடியாது. பெரியவர்களாலேயே முடியாததைத்தான் ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கிறோம். நாற்பது பிள்ளைகள் இருக்கும் அறையில் ஒருவன் பக்கத்துப் பையனுக்குக் கேட்கவேண்டுமே என்று குரலை உயர்த்துகிறான், அதைத் தாண்டிப் பேச அடுத்தவன் உயர்த்துகிறான், எல்லாவற்றுக்கும் மேலே "சத்தம் போடாதே!" என்று டீச்சர் சத்தம் போடுகிறார். வீட்டிலும் இதே கதைதான். சீரியல் ஒரு பக்கம், மிக்ஸி ஒரு பக்கம், சமையலறையிலிருந்து கூடத்துக்கு அம்மாவின் கூப்பாடு, செல்போனில் ஊருக்கே கேட்க அப்பாவின் பேச்சு. இவ்வளவுக்கும் நடுவில் "மெதுவாப் பேசு" என்ற உபதேசம் மட்டும் பிள்ளைக்கு.

கட்டடத்துக்கும் இதில் பங்குண்டு. கும்பகோணத்தில் கீற்றுக் கூரை போட்ட பள்ளி ஒன்றில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோன பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அகற்றத்தான் வேண்டும். ஆனால் கீற்று ஒலியை உறிஞ்சும். அதன் இடத்தில் வந்த கான்கிரீட்டும் தகரமும் உறிஞ்சாது. மேலே கான்கிரீட், கீழே சிமென்ட் தரை, சுற்றிலும் மொட்டைச் சுவர் என்று கட்டிய பெட்டிக்குள் தும்மினாலும் இடி இடிக்கும். வகுப்பறையில் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி சுமார் 0.6 விநாடியில் அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. குண்டூசி விழும் சத்தத்தைக் கேட்க ஆசைப்படுபவர்கள் அதை எந்த அறையில் போடுகிறோம் என்றும் கொஞ்சம் பார்க்கலாம்.

அதட்டாமல் அமைதியைப் பழக்க முடியாதா? 1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் முறையில் மௌன விளையாட்டு ஒன்று உண்டு. பிள்ளைகள் அசையாமல் உட்காருவார்கள். அடுத்த அறையிலிருந்து ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை சத்தமில்லாமல் எழுந்து போக வேண்டும். தாழ்ந்த குரலுக்குக் காதைத் தீட்டும் பயிற்சி அது. இதற்குப் பிரம்பும் வேண்டாம், லீடரும் வேண்டாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் முகப்புக்குப் பெயின்ட் அடிக்கப் பணம் ஒதுக்கும் முன், ஒன்றாம் வகுப்பு பெஞ்சுக் கால்களுக்கு ரப்பர் புஷ்ஷும், ஜன்னல்களுக்குக் கனத்த துணித்திரையும், பின்சுவரில் படம் ஒட்ட ஒரு மெத்தென்ற பலகையும் வாங்கத் தீர்மானம் போடுங்கள்.