கிளிப்பை இறுக்கினால் மட்டும் போதுமா?

கல்முனையிலிருந்து கண்டிக்கோ கட்டுநாயக்கவுக்கோ வேன் பிடித்துப் போகாத குடும்பம் நம் கரையோரத்தில் குறைவு. மஹியங்கனை தாண்டி மலை ஏறும்போது 'டப்' என்று ஒரு சத்தம். பின்னால் கரும்புகை, வண்டியில் இழுவை இல்லை. டர்போ ஹோஸ் கழன்றுவிட்டது.

"வயரப் போட்டு இறுக்குங்க பாஸ், போய் வந்து பாப்பம்." இந்தப் பேச்சைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சாதாரண காற்றழுத்தத்துக்கு மேலே ஒரு பார் என்று வையுங்கள். டயருக்கு 30 அடிக்கிறோமே, அதில் பாதி. இதென்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயில் அந்த அழுத்தம் ஹோஸைக் கிட்டத்தட்ட 20 கிலோ விசையோடு வெளியே தள்ளும். எஞ்சின் மவுண்ட் தேய்ந்திருந்தால், அக்சிலேட்டரை மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் எஞ்சின் ஆடி ஹோஸை இழுக்கும். உள்ளே எண்ணெய்ப் படலம் வேறு. வழுக்காமல் என்ன செய்யும்?

அதனால் கழன்ற ஹோஸைத் திரும்பச் செருகி இறுக்குவது வைத்தியம் அல்ல. ஏன் கழன்றது என்று பார்க்க வேண்டும். குழாயையும் ஹோஸின் உட்பக்கத்தையும் எண்ணெய் போகத் துடைத்து, காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். குழாய் முனையில் ஒரு சிறு மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டின் மேலே அல்ல, அதைத் தாண்டி உட்புறமாக உட்கார வேண்டும். சாதாரண கிளிப்பின் பட்டியில் வெட்டுத் துளைகள் உண்டு. மிதமிஞ்சி இறுக்கினால் மென்மையான சிலிக்கன் ஹோஸ் அதற்குள் பிதுங்கி அறுந்துபோகும். அழுத்தம் கூடிய இடத்துக்கு அகலப் பட்டியுள்ள டி-போல்ட் கிளிப்தான் சரி. கடல் உப்புக் காற்றில் இரும்புக் கிளிப் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள்.

எயார் பில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ஹோஸை யாரும் கவனிப்பதில்லை. அது கழன்றாலும் வண்டி ஓடும். ஆனால் பில்டரில் படாத மணலும் தூசும் நேரே உள்ளே போய், வேகமாய்ச் சுழலும் டர்போ சக்கரத்தை அரிக்கும். கிளிப்பில் மிச்சம்பிடித்த காசு டர்போவில் போய்விடும்.

2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் திறந்தது. ஆகவே நம் வீதிகளில் ஓடுபவற்றில் பல பழைய வண்டிகள். ரப்பர் வெப்பத்தில் காய்ந்து வெடிக்கும் வயது அவற்றுக்கு. அதிலும் சில தம்பிமார் 'பூஸ்ட்' கூட்டுவதற்கு ஆசைப்படுகிறார்கள். ஆசை தப்பில்லை, ஹோஸையும் கிளிப்பையும் மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

குறையைக் கராஜ் பாஸ் தலையில் மட்டும் போடவும் முடியாது. "கெதியா முடிச்சுத் தாங்க" என்று நிற்பது நாம்தானே. அவர் துடைக்கிற பத்து நிமிடத்துக்கும் கூலி உண்டு என்று நாம் ஒத்துக்கொண்டால், அவரும் துடைத்துத்தான் மாட்டுவார்.

வளைவில் லொறியை முந்தும் நேரம் இழுவை போனால் அது இயந்திரக் கோளாறோடு நிற்காது. உள்ளே நோயாளியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தூரப் பயணத்துக்கு வேன் பேசும்போது ஏசி இருக்கிறதா என்று கேட்கிறோம். ஹோஸ் பார்த்தீர்களா என்றும் கேட்போம்.