யாருடைய பிழைப்புக்காகப் பேசுகிறீர்கள்?

தீபாவளி நெருங்கினாலே மதுரையில் ஒரு வாதம் கிளம்பிவிடுகிறது. பட்டாசு வெடிக்க நேரம் குறிப்பதும், கடைக்குக் கடை இடைவெளி அளப்பதும் அதிகாரிகளின் அராஜகமாம். பண்டிகை கெடுகிறதாம், சிவகாசிக்காரன் வயிற்றில் அடி விழுகிறதாம். யாரும் மதிக்காத விதி எதற்கு என்றும் கேட்கிறார்கள்.

வயிற்றுப்பாட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்து: 38 பேர் பலி. 2020 அக்டோபரில் நம் மாவட்டத்துச் செங்குளத்தில் கருகியவர்கள் பெண் தொழிலாளர்கள். 2022 நவம்பரில் திருமங்கலத்தை அடுத்த அழகுசிறையில் ஐந்து பேர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், நான்கு பேர் உட்கார வேண்டிய அறையில் பத்துப் பேரைத் திணிப்பதும், மரத்தடியில் மருந்து செலுத்த வைப்பதும் இந்தத் தொழிலில் யாருக்குத் தெரியாது? சரவெடிக்கும் பேரியத்துக்கும் வந்த தடை தொழிலாளியை வாட்டியது உண்மை. அதற்கு நிவாரணம் கேளுங்கள், நானும் உங்களோடு வருகிறேன். ஆனால் அவருடைய உயிரைக் காக்கும் விதியை, அவருடைய பெயரைச் சொல்லியே ஒழிக்கக் கேட்பது அயோக்கியத்தனம்.

பண்டிகை கெட்டதா? 2018இல் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரை என்றது. இங்கே விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துத்தான் வெடிப்போம் என்று தமிழக அரசு முறையிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே தேர்ந்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் இறங்கி வந்தது. காலை 6–7, இரவு 7–8 என்பது அப்படி வந்தது. நம் வழக்கத்துக்கு இடம் கொடுத்த ஏற்பாட்டையே வழக்கத்தின் எதிரி என்கிறீர்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடிக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பல பத்தாண்டுகளாக வெடியே போடுவதில்லை. அவர்கள் தமிழர்கள் இல்லையா? கோரிப்பாளையம் ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டருக்குள் வெடிக்காதே என்றால் மட்டும் பண்பாடு பறிபோய்விடுமா?

யாரும் மதிப்பதில்லை என்பதுதான் இவற்றில் மோசமான வாதம். கொல்லம் புற்றிங்கல் கோயிலில் 2016இல் வாணவேடிக்கைப் போட்டிக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்தது. மீறி நடத்தினார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கே தவறியது விதியா, விதியை மிதித்தவர்களா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் விளக்குத்தூண் பக்கம் போய் நில்லுங்கள். ஜவுளி வாங்க வந்த கூட்டத்தில் இரு சக்கர வாகனமே நகராது. தீயணைப்பு வண்டி எப்படி நுழையும்? தற்காலிகக் கடைகளுக்கிடையே மூன்று மீட்டர் இருக்க வேண்டும், எதிரெதிரே கூடாது, தகரம் போன்ற தீப்பிடிக்காத கொட்டகையாக இருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது என்று 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் சொல்வது இப்படிப்பட்ட ஊருக்காகத்தான். 2021இல் சங்கராபுரத்தில் கடைவீதிப் பட்டாசுக் கடை பற்றியபோது, பக்கத்து பேக்கரியிலிருந்த எரிவாயு உருளைகளும் சேர்ந்து வெடித்தன. 2023இல் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கிடங்குத் தீயில் செத்தவர்களில் பெரும்பாலோர் சீசன் வேலைக்குப் போன நம் பிள்ளைகள்.

அதிகாரிகளைத் திட்ட வேண்டுமா, திட்டுங்கள். ஆனால் அளவு நாடாவை எடுத்து வந்ததற்காக அல்ல, எடுத்து வராததற்காகத் திட்டுங்கள். எத்தனை கிலோவுக்கு உரிமம், எந்தத் தேதியில் யார் சோதித்தார் என்று ஒவ்வொரு பட்டாசுக் கடை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.